ஒரு பவுண்டு தானியம்

போன வருடம் ஒரு காலை, மந்தைவெளிப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலம் ஒன்றின் மேல் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த இளநீர்க்காரர் நான் கேட்காமலேயே ஒன்றைச் சீவிக் கையில் கொடுத்து, "சுகரா சார்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப ஏதாச்சும் சாப்ட்டுட்டு நடங்க சார்" என்றார். ஆறு வாரமாக எனக்குள் நடந்துகொண்டிருந்த விஷயத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எனக்குச் சர்க்கரை இல்லை. எடைதான் இருந்தது, 86 கிலோ. பத்து கிலோவாவது குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் போனில் ஒரு செயலியை இறக்கினேன். வயது, உயரம், எடை எல்லாம் கேட்டது. எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்றும் கேட்டது. இருப்பதிலேயே அதிக வேகத்தைத் தொட்டேன். ஒரு நாளைக்கு 1200 கலோரி என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது. அதோடு தினமும் எட்டு கிலோமீட்டர் நடை என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். சாப்பாட்டையும் குறைத்து, உடற்பயிற்சியையும் கூட்டினால் இரண்டு மடங்கு லாபம் என்பது என் கணக்கு.

முதல் இரண்டு வாரம் முள் இறங்கியது. அப்புறம் நின்றது. வெயில் காலத்திலும் விரல் நுனி சில்லிட்டது. சீப்பில் முடி வந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல், யாரோ யாருக்கோ பரோட்டா போடும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். இதையெல்லாம் மன உறுதியின் விலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் சேலத்திலிருந்து அத்தை வந்திருந்தார். கதவைத் திறந்ததும் பையைக்கூட கீழே வைக்கவில்லை. "என்னடா கண்ணு, பஞ்சத்துல அடிபட்டவனாட்டம் ஆயிட்ட? மூஞ்சியில களையே இல்ல."

நாம் ஆயிரம் முறை கேட்ட, சொன்ன வசவு அது. எந்தப் பஞ்சம் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். "தாது வருஷத்துப் பஞ்சம்னு எங்க ஆயா சொல்லும். அதுக்கே அது கேள்விப்பட்ட கதைதான்" என்றார் அத்தை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் மயங்கி உட்கார்ந்த பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீருக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது எங்கோ படித்த ஞாபகம். தேட ஆரம்பித்தேன்.

தாது வருஷம் என்பது 1876-77. பருவமழை பொய்த்து, சென்னை, மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகள் காய்ந்தன. அடுத்த ஆண்டும் கஷ்டம் தொடர்ந்தது. 1878இல் அது ஓய்ந்தபோது ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. பஞ்சத்தில் வேலை இழந்தவர்களுக்கு அரசு நிவாரண வேலை கொடுத்தது. ரோடு போடுவது, ஏரி தூர் வாருவது, கால்வாய் வெட்டுவது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் கால்வாய் அப்படி வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்தான் நிற்கின்றன.

மண் சுமப்பவனுக்கு எவ்வளவு சோறு போட வேண்டும்? இந்தக் கேள்வி 1877இல் சென்னையில் பெரிய சண்டையாக வெடித்தது.

ஒரு பக்கம் சர் ரிச்சர்ட் டெம்பிள். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய பஞ்ச நிவாரணப் பிரதிநிதி. இவருக்கு ஒரு முன்கதை உண்டு. 1873-74இல் வங்காளம், பீகார் பக்கம் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவு அதிகம் இல்லாமல் காப்பாற்றியவர் இவரேதான். அதற்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற ஏச்சு. அதே மனிதர் இம்முறை சிக்கனத்தை நிரூபிக்கும் வேகத்தோடு சென்னைக்கு வந்தார். ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்று அளவைக் குறைத்தார். கூடவே கொஞ்சம் சில்லறை. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. அதிகம் கொடுத்தால் மக்கள் அரசையே அண்டி வாழப் பழகிவிடுவார்கள் என்பது நியாயம். இதைச் சோதித்துப் பார்ப்போம் என்பது அவர் நிலை. சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்று பெயர்.

மறு பக்கம் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை அறிக்கையை எழுதியவரும் இவரே. அதற்கும் முன்பு, 1860களிலேயே, இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜில்லாச் சிறைகளில் கைதிகளுக்கு என்ன போடுகிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். சும்மா இருக்கும் உடம்பும் மண் வெட்டும் உடம்பும் ஒன்றல்ல என்பது அவருக்குக் காகிதத்தில் படித்த விஷயமல்ல. குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், அதோடு பருப்பு, காய்கறி என்று வாதாடினார். கடும் வேலை வாங்கினால் கட்டாயம் இவ்வளவு வேண்டும் என்றார். நிவாரண வேலைக்கு வந்தவர்கள் அங்கேயே மெலிந்து சாவதை எடுத்துக் காட்டினார். சில மாதங்களில் சென்னை அரசு பாதி தூரம் இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், கூட ஒன்றரை அவுன்ஸ் பருப்பு.

இதைப் படித்தபோது பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியானால் ஏறக்குறைய 1600 கலோரி. கேழ்வரகானால் இன்னும் குறைவு. கார்னிஷ் கேட்ட ஒன்றரை பவுண்டு, 2400 கலோரியை ஒட்டி வரும். இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 65 கிலோ எடையுள்ள, கடும் உழைப்பு உழைக்கும் ஆணுக்குச் சொல்வது 3470 கலோரி. உட்கார்ந்தே இருப்பவனுக்கு 2110. அன்றைய கூலிக்காரர் 65 கிலோ இருந்திருக்க மாட்டார். அதைத் தள்ளிப் பார்த்தாலும் கார்னிஷ் கேட்டதுகூடத் தாராளமல்ல. டெம்பிள் கொடுத்தது, வேலை செய்யச் செய்ய உடம்பே உடம்பைத் தின்னும் அளவு.

சண்டை நடந்தபோது உணவைக் கலோரியில் அளக்கும் வழக்கம் வந்திருக்கவில்லை. அது பரவலானது அமெரிக்காவில், வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியரால். 1890களில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் ஆள் தங்கக்கூடிய ஓர் அடைத்த அறையை அமைத்து, உள்ளே ஒருவரை நாள்கணக்கில் இருக்க வைத்து, அவர் உடம்பு வெளிவிடும் வெப்பத்தை அளந்தார்கள். சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றும் பிஸ்கட் பாக்கெட்டில் பார்க்கும் கணக்கு அங்கிருந்து வந்தது. உழைப்பவர்களுக்குக் குறைந்த செலவில் போதிய சாப்பாடு எது என்று கண்டுபிடிப்பதுதான் அட்வாட்டரின் கவலை. 1918இல் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர் எழுதிய புத்தகம் அந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்தது. எடை குறைக்க விரும்பும் பெண்களுக்கு அவர் சொன்ன எண் 1200. என் போனில் பச்சை எழுத்தில் வந்த அதே எண். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அது ஓய்வு பெறவில்லை.

சரி, போதாமல் தின்று தினமும் நடந்தால் உடம்புக்குள் உண்மையில் என்ன ஆகும்? அதை முறையாக அளந்தது இரண்டாம் உலகப்போரின் கடைசியில்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் மக்களைப் பிறகு எப்படித் தேற்றுவது என்று அறிய ஒரு சோதனை வைத்தார். துப்பாக்கி தூக்க மனசாட்சி இடம் தராது என்று மறுத்த இளைஞர்கள் 36 பேர் முன்வந்தார்கள். 1944 நவம்பரில் தொடங்கியது. முதல் பன்னிரண்டு வாரம் நல்ல சாப்பாடு, நாளைக்கு 3200 கலோரி போல. அதன்பின் 24 வாரம் ஏறக்குறைய 1570. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடந்தே ஆக வேண்டும்.

1570. அந்த எண்ணில் நின்றுவிட்டேன். டெம்பிள் கூலிக்கு என் பேனா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். கீஸ் இதைப் பட்டினி என்று பெயரிட்டுத்தான் கொடுத்தார். டெம்பிள் கூலி என்று பெயரிட்டுக் கொடுத்தார்.

அவர்கள் சராசரியாக எடையில் கால்வாசியை இழந்தார்கள். அதில் கொழுப்பு மட்டுமல்ல, தசையும் போனது. இதயம் சுருங்கியது, நாடித்துடிப்பு விழுந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தி ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்தது. வருமானம் குறைந்த வீட்டில் விளக்கை அணைப்பதுபோல உடம்பு ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தது. எப்போதும் குளிர். தலைசுற்றல். எரிச்சல். தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். வெளியே போனால் எதையாவது வாங்கித் தின்றுவிடுகிறார்கள் என்று, தனியாகப் போகக்கூடாது, துணையோடுதான் போக வேண்டும் என விதி போட்டார்கள். சோதனைக்கு முன்பு இவர்கள் உடம்பாலும் மனதாலும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தேறும் கட்டத்தில் தெரிந்த முக்கியமான விஷயம், வைட்டமின் மாத்திரையோ புரதப் பொடியோ கலோரிக்கு மாற்றாகாது என்பது. தினம் 4000 கலோரி போல மாதக்கணக்கில் தேவைப்பட்டது. எடை திரும்பியபோது தசையைவிடக் கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது. 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக இதெல்லாம் வெளியானது.

சில்லிட்ட விரல், எரிச்சல், பரோட்டா காணொளி. என் ஆறு வாரம் அப்படியே அந்தப் பக்கங்களில் இருந்தது. வாரத்துக்கு 22 மைல் என்பது 35 கிலோமீட்டர். நான் நடந்தது 56. அவர்களுக்குக் கிடைத்ததைவிட 370 கலோரி குறைவாகவும் சாப்பிட்டேன். நடைக்கே தினம் 400 கலோரி போல் போய்விடும். மீதி 800ஐ வைத்துக்கொண்டுதான் மூச்சு விடவும், ரத்தம் ஓட்டவும், ஆபீசில் கணக்குப் பார்க்கவும் வேண்டும். படுத்தே கிடந்தாலும் என் உடம்புக்கு 1600க்கு மேல் வேண்டும். மயக்கம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆறு வாரம் கழித்துத்தான் வந்தது என்பதுதான் ஆச்சரியம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னை அந்தக் கால்வாய்க் கூலிகளோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 'பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா' என்பார்கள். நான் இரண்டும் இல்லை, செயலிக்கு ஆண்டி. ஃப்ரிட்ஜைத் திறந்தால் என் பட்டினி முடிந்துவிடும். மினசோட்டாக்காரர்களும் கையெழுத்துப் போட்டுத்தான் பட்டினி கிடந்தார்கள். தாது வருஷத்துக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த வித்தியாசம் நமக்குப் பெரிது. ஆனால் உடம்புக்கு அது தெரியாது. உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று மட்டும்தான் பார்க்கிறது. இடைவெளி கொஞ்சமாக இருந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. பள்ளம் பெரிதானால் இது பஞ்சம் என்று முடிவு கட்டி, கதவைச் சாத்திக்கொள்கிறது.

விளையாட்டு வீரர்களுக்கே இது நடக்கிறது. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாத பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் எலும்பு தேய்வதும் வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். ஆண்களுக்கும் இதே வகைக் கேடு உண்டு என்று சேர்த்து, 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குத் தனிப் பெயரே வைத்தது.

நான் பிறகு போய்ப் பார்த்த உணவு ஆலோசகர் சொன்னது ஒன்றும் புதிதில்லை. நடையோடு சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவிலிருந்து ஒரு 500 கலோரி குறையுங்கள், அதற்குமேல் வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். பருப்பு, முட்டை, தயிர் குறையக்கூடாது. நடக்கும் நாளில் கூடச் சாப்பிடுங்கள். எனக்கு வந்த எண் 2000 சொச்சம். அதைக் கேட்டதும் முதலில் வந்தது பயம். இவ்வளவு தின்றால் எப்படிக் குறையும்? நிறையக் கொடுத்தால் கெட்டுவிடுவான் என்று டெம்பிள் கூலிகளைப் பற்றி நினைத்ததை நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் இருந்த அட்டவணைக்கும் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூரில் ஒரு சிறு அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. குன்னூரில் அவருக்குப் பின் வந்த ஐக்ராய்ட், 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். பின்னால் வங்கப் பஞ்ச விசாரணைக் குழுவிலும் உட்கார்ந்தார். நம் தட்டில் இருக்கும் சோற்றுக்கு எண் போட்டவர்கள் பஞ்சத்தை அருகில் பார்த்தவர்கள். போதுமா என்று கேட்கத்தான் அந்த எண்கள் வந்தன.

பத்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. இன்னும் அதே பாலம் வழியாகத்தான் நடக்கிறேன். கிளம்பும் முன் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடுகிறேன். ஊருக்குப் போன அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போட்டு முதலில் கேட்பது, "சாப்ட்டயா கண்ணு?" என்பதுதான். முன்பெல்லாம் "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவேன். இப்போது என்ன சாப்பிட்டேன், எத்தனை சாப்பிட்டேன் என்று எண்ணிச் சொல்கிறேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்.