காணாத் தாரையை அளத்தல்

திருநெல்வேலி நகரத்துக்கு மேற்கே, தென்காசிச் சாலையில் அமைந்த பேட்டை, ம.தி.தா. இந்துக் கல்லூரியின் பொருட்டு வாசகர்கள் பலர் அறிந்த ஊர். விண்வெளியோடு அதற்கு நேரான உறவு ஏதுமில்லை. ஆயினும் அங்கிருந்து கிளம்பினால் ஒரே நாளில் இரண்டு ஆய்வு வளாகங்களின் வாயில்வரை போய்த் திரும்பிவிடலாம். ஒன்று கிழக்கே, சிற்பங்களுக்காக நாம் செல்லும் கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். மற்றொன்று தெற்கே, இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி. இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு கேள்வியின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கண்ணுக்கு ஏறத்தாழப் புலப்படாத ஒரு தாரையை எவ்வாறு அளப்பது?

மகேந்திரகிரியில் எரியும் எஞ்சின்களின் தாரை யாருக்கும் தெரியக்கூடியது. மலையடிவாரத்துக்கு அதன் முழக்கமும் கேட்கும். செயற்கைக்கோள்களில் பொருத்தப்படும் மின்உந்திகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் எரிதல் என்பதே இல்லை. வளைய வடிவமான ஒரு சிறு பள்ளத்தினுள் செனான் வாயு செலுத்தப்படுகிறது. அங்கே குறுக்காக ஒரு காந்தப்புலமும் நீளவாட்டில் ஒரு மின்புலமும் உண்டு. எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சிக்கி வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஒழுகுகின்றன. எதிர்ப்படும் செனான் அணுக்களை மோதி அயனிகளாக்குகின்றன. கனமான அயனிகளோ காந்தப்புலத்துக்கு அதிகம் வளையாமல், நொடிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கின்றன. மிகச் சிறந்த வேதி எரிபொருளின் தாரைவேகம் நான்கரை கிலோமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. வேகம் இவ்வளவு மிகுதியானாலும் உந்துவிசை அற்பமே: 18 மில்லிநியூட்டன் என்பது உள்ளங்கையில் வைத்த இரண்டு கிராம் பொருளின் பாரத்துக்கும் குறைவு. மாதக்கணக்கில் விடாமல் தள்ளுவதே அதன் வலிமை.

இந்த உந்திக்கு ஹால் உந்தி என்று பெயர். காந்தப்புலத்துக்குக் குறுக்கே மின்னோட்டம் விலகுவதை 1879இல் எட்வின் ஹால் ஒரு தங்கத் தகட்டில் கண்டறிந்தார். அலெக்சி மரோசவ் முதலான சோவியத் அறிவியலாளர்கள் அவ்விளைவைக் கொண்டு உந்தி சமைத்து, 1971 டிசம்பரில் ஏவப்பட்ட மீட்டியோர் என்ற வானிலைச் செயற்கைக்கோளில் இயக்கிக் காட்டினர்.

ஆனால் ஹால் மின்னோட்டம் ஒன்று அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. தென்தமிழகமும் தென்கேரளமும் பூமியின் காந்த நடுவரையை ஒட்டி அமைந்தவை. இங்கே காந்தப்புலம் வடக்கு நோக்கிக் கிடையாகக் கிடக்கிறது. ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில், மேல்நோக்கி எழும் மின்புலம் அதைக் குறுக்கிடும்போது எலக்ட்ரான்கள் மேற்கே ஒழுகுகின்றன. எனவே மின்னோட்டம் கிழக்கே பாய்கிறது. இதற்கு நிலநடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். அங்கே அயனிகளை ஓடவிடாமல் தடுப்பது காற்றோடு நேரும் மோதல். உந்தியில் அவற்றை வளையவிடாமல் காப்பது அவற்றின் கனம். காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே: எலக்ட்ரான்கள் மட்டும் குறுக்கே ஒழுகுகின்றன. கிருஷ்ணாபுரத்தின் காந்தமானிகள் நாள்தோறும் பதிவு செய்வது இந்த மின்தாரையின் ஏற்ற இறக்கத்தைத்தான்.

தரையிலுள்ள காந்தமானி மின்தாரையின் நிழலையே காட்டும். அதனுள்ளே நுழைந்து பார்க்க ராக்கெட் வேண்டும். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழும்பிய தும்பா, ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணமே இதுதான். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சத்யபிரகாஷ், சுப்பராயா, குப்தா ஆகியோர் அங்கிருந்து லாங்மியூர் துழாவிகளை அனுப்பி எலக்ட்ரான் அடர்த்தியை அளந்தனர்; மின்தாரை சீரான ஒழுக்கல்ல, அலைகளாய்க் கொந்தளிக்கும் ஒன்று என்பதை விளக்கினர். துழாவி என்பது பிளாஸ்மாவுக்குள் நீட்டிய ஓர் உலோகத் துண்டு, அவ்வளவே. அதன் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி, வந்து சேரும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டால் எலக்ட்ரான்களின் அடர்த்தியும் வெப்பநிலையும் கிடைக்கும். 1920களில் இதை வகுத்தவர் இர்விங் லாங்மியூர்; ‘பிளாஸ்மா’ என்ற பெயரை அப்பொருளுக்கு இட்டவரும் அவரே.

மின்உந்தியின் தாரையை இன்றும் இதே துழாவி கொண்டுதான் அளக்கிறார்கள். உடன் வேறு கருவிகளும் உண்டு. ஃபாரடே துழாவி தாரையைச் சுற்றி ஒரு வில்லாக நகர்ந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு அயனி போகிறது என்று கணக்கெடுக்கும். மறிப்பழுத்தப் பகுப்பி என்பது சல்லடைகளால் ஆன ஒரு வாயில். அதன் நேர்மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, அதைத் தாண்டும் அளவு ஆற்றலுடைய அயனிகள் மட்டும் உள்ளே வரும். திருவனந்தபுரம் விண்வெளிக் கல்விநிலையம் 2019 ஏப்ரலில் பி.எஸ்.எல்.வி. சி-45இன் நான்காம் அடுக்கில் வைத்து அனுப்பிய அரிஸ் கருவியும் இந்த வகையினதே. அதன் இலக்கு உந்தியன்று, அயனிமண்டலம்.

இத்தனை கவனத்துடன் அளப்பானேன்? வேக அயனி ஒன்று மந்தமான செனான் அணுவின் அருகே செல்லும்போது அதன் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு போய்விடுவதுண்டு. பறிகொடுத்த அணு இப்போது மெதுவான அயனி. அது பக்கவாட்டிலும் பின்னோக்கியும் அலைந்து, செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளையே அரிக்கலாம். தன்னைத் தள்ளும் தாரையே தன்னைத் தின்னாதிருக்க, அதன் ஓரங்களை அறிந்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தரையில் எவ்வளவு பெரிய வெற்றிட அறை கட்டினாலும் அதில் கொஞ்சம் வாயு மிஞ்சும். மிஞ்சிய அணுக்கள் இந்தப் பறிப்பை மிகுவிக்கின்றன. ஆகவே தாரை உண்மையில் இருப்பதைவிட அகன்றதாகத் தெரிகிறது. அளக்கும் அறையும் அளவுக்குள் கலந்துவிடுகிறது. இதனாலேயே 2003இல் சந்திரனை நோக்கிக் கிளம்பிய ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1, தன் ஹால் உந்தியின் அருகிலேயே துழாவிகளையும் சுமந்து சென்றது.

நம் முயற்சியின் தொடக்கம் துயரமானது. 13, 18 மில்லிநியூட்டன் ஹால் உந்திகளைத் தாங்கிய ஜிசாட்-4, 2010 ஏப்ரல் 15 அன்று ஏவப்பட்டது. முதன்முறையாகப் பறந்த இந்தியக் கிரையோஜெனிக் எஞ்சினில் எரிபொருளின் ஊக்கச் சுழற்பம்பு நின்றுபோக, அனைத்தும் வங்கக் கடலில் விழுந்தன. காணும் நெருப்பு தவறியதால் காணாத் தாரை தொடங்கவே இல்லை. அதன் பிறகு, 2013இல், மகேந்திரகிரியில் அந்த எஞ்சின் வெற்றிடச் சூழலில் இயக்கிச் சோதிக்கப்பட்டது. 2014 ஜனவரியில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 வென்றது. மின்உந்தி வானில் இயங்கியது 2017 மே 5 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-9இல்தான். 2025 மார்ச்சில் 300 மில்லிநியூட்டன் உந்தி ஒன்றின் 1000 மணி நேரச் சோதனை வெற்றிட அறையில் நிறைவுற்றதாக இஸ்ரோ அறிவித்தது.

அந்த 1000 மணியும் அறைக்குள் கழிந்தவை என்பதை மறத்தலாகாது. காந்தமானியோடு நின்றிருந்தால் மின்தாரையின் கொந்தளிப்பை நாம் அறிந்திருக்க மாட்டோம். துழாவியை அங்கேயே அனுப்பியதால் அறிந்தோம். புதிய உந்தி பறக்கும் நாளில் அதன் அருகே ஒரு சிறு துழாவியும் பறக்க வேண்டும் என்பதே தும்பாவின் மணலில் நாம் கற்ற பாடம்.