மாலையில் திரும்பும் புலம்பெயர்வு

புலம்பெயர்தல் என்றதும் கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்களுள் பலர் திரும்பி வரவில்லை. ஆகவே வரலாறு அவர்களைக் குறித்து வைத்துக்கொண்டது. போடிநாயக்கனூர் வட்டாரத்திலோ வேறொரு புலம்பெயர்வு உண்டு. ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் முதலிய அடிவார ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, மலைச்சாலை வழியே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புவோரின் புலம்பெயர்வு அது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே நாளில் இருமுறை கடப்பவர்கள் இவர்கள்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 45 கோடிக்கும் மேற்பட்டோரை இடம்பெயர்ந்தோர் எனக் கணக்கிட்டது. பிறந்த ஊரையோ, முன்பு வாழ்ந்த ஊரையோ விட்டு வேறிடத்தில் குடியிருப்போரே அக்கணக்கில் சேர்வர். திருமணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண்ணும் அதில் உண்டு. ஆனால் அன்றாடம் மாநில எல்லையைத் தாண்டிப் பிழைத்து, இரவில் தம் வீட்டில் உறங்குபவர் அதில் இல்லை.

இந்த வழக்கம் எவ்வாறு வேரூன்றியது? ஏலம் அம்மலைகளில் இயற்கையாகவே விளைந்த பொருள். திருவிதாங்கூர் அரசு அதன் வணிகத்தை நெடுங்காலம் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. காய் முற்றும் பருவத்தில் கிழக்கேயுள்ள கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மக்கள் மலையேறினர்; பருவம் முடிந்ததும் இறங்கினர். ஆட்சியால் மலை மேற்குக்கு உரியதாயினும், நடந்து செல்லும் தொலைவால் அது கிழக்குக்கே அண்மையில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதே காலத்தில், 1877-இல், ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். ஒருபுறம் பசி தள்ளியது. மறுபுறம் தோட்டம் இழுத்தது. இடையில் நின்ற கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். மக்களை மலைக்கு அனுப்பிய போடிக்கு மலையிலிருந்து சரக்கு வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியே அடிவாரத்தில் இறங்கிய தேயிலை, மாட்டு வண்டிகளில் போடியை அடைந்தது.

1895-இல் நிறைவுற்ற பெரியாற்று அணை, மலைக்கு அப்பாலிருந்த நீரைப் பள்ளத்தாக்குக்குத் திருப்பியது. கம்பம், உத்தமபாளையம் வயல்கள் இருபோகம் கண்டன. ஆயினும் அந்நீர் எட்டாத மேட்டு நிலங்களில் மானாவாரி வேளாண்மையே தொடர்ந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்குள்ள உழவருக்கு மலையன்றிப் போக்கிடம் ஏது?

1940-களில் மேற்கிலிருந்தும் ஒரு மக்கள் வெள்ளம் மலையேறியது. உணவுப் பஞ்சத்தைப் போக்கக் காடு திருத்திப் பயிரிடுமாறு திருவிதாங்கூர் அரசே ஊக்குவித்தது. 1950-களில் திருவிதாங்கூர்-கொச்சி அரசு குடியேற்றத் திட்டங்களையும் வகுத்தது. அவர்கள் குடும்பத்தோடு வந்து, வீடு கட்டி, பள்ளியும் கோயிலும் எழுப்பினர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. பழைய மலைப்பாதை மாநில எல்லையாயிற்று. போடி, கம்பம் வணிகர் பலர் அங்கே தோட்ட உரிமையாளராக விளங்குவது உண்மையே. ஆனால் கூலிக்குச் சென்ற தமிழருள் பெரும்பாலோர், தம் ஊரைக் கைவிடாத காரணத்தாலேயே, மலையில் வேர்பிடிக்கவில்லை.

இதன் பயன்களை மறுக்கலாகாது. கேரளத்துக் கூலி உயர்ந்தது. அக்கூலியால் அடிவாரத்தில் ஓட்டு வீடுகள் எழுந்தன. பெண்மக்கள் கல்லூரி வாயிலை மிதித்தனர். ஆனால் விலையும் உண்டு. அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்பில் பயணம். ஏலச்செடிக்கு ஓயாமல் தெளிக்கும் பூச்சிமருந்தின் நடுவே வேலை. தாய் முகம் காணாமல் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் தோட்ட உரிமையாளரின் கடமை என்றது. இன்று ஒரு தோட்டம், நாளை வேறொன்று எனச் செல்பவர் எந்த உரிமையாளரிடம் போய்க் கேட்பார்? அவருடைய ரேஷன் அட்டையும் வாக்கும் இம்மாநிலத்தில், உழைப்போ அம்மாநிலத்தில்.

இடர் வந்தபோது இந்நிலை வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு சிக்கல் முற்றியபோது, மலையில் தாக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுவழியே இறங்கி ஓடிவந்தனர். அணைநீரைப் பற்றிய வழக்கில் அவர்கள் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். அடி மட்டும் அவர்களுக்கு விழுந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காக எல்லை அடைபட்டதும் அடிவாரத்தில் கூலி நின்றது. இன்று ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் அதே தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்கின்றனர். நேற்று நம்மவரை மலையேற்றிய வறுமைதான் இன்று அவர்களையும் அங்கே கொண்டு சேர்த்திருக்கிறது. அவர்களைப் போட்டியாளராகக் காண்பது எளிது. நம் பாட்டன்மாரின் சாயலை அவர்களிடம் காண்பதே முறை.

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை நாம் அறிவோம். அதில் சந்தைவெளியில் காத்து நிற்போரின் கூலியைப் பற்றியே பெரிதும் பேசுகிறோம். தோட்ட உரிமையாளர் மீண்டும் மீண்டும் வெளியே சென்று, அங்கு யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததை மறந்துவிடுகிறோம். நம் ஊர்களிலும் அப்பார்வை வேண்டும். யார் மலைக்குச் செல்கின்றனர், எந்தத் தோட்டத்திற்கு, யார் அழைத்துச் செல்கின்றனர் என்ற எளிய பதிவேடு ஒன்றை ஒவ்வோர் அடிவார ஊரும் வைத்திருக்கலாம். விபத்தோ கலவரமோ நேரும் நாளில், மலைக்குச் சென்றவர் யாரென்று சொல்ல அந்த ஏடாவது இருக்கும்.