கைரேகையும் கடன்பத்திரமும்



கோலார் தங்கவயலின் வடகோடியில் அமைந்தது பாலகாட். மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று பேர்பெற்ற ஐந்து சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. 1880-ஆம் ஆண்டு முதற்கொண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் இவ்வயலில் கால் ஊன்றினர். மூலதனம் லண்டனிலிருந்து வந்தது. உழைப்போ பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தது. முகமறியாத ஒரு கம்பெனியை நம்பி ஒருவர் பணத்தைக் கொடுத்தார். மற்றொருவர் உடலைக் கொடுத்தார்.

இவ்விருவரிடையே யாரிடம் பத்திரம் கேட்கப்பட்டது? 1930-ஆம் ஆண்டில் தங்கவயல் தொழிலாளர் கைரேகை பதிந்து தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் வேறெந்தச் சுரங்கத்திலும் தலைகாட்ட முடியாதபடி இந்த ரேகை தடுத்துவிடும் என்று தொழிலாளர் அஞ்சினர். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். தங்கவயல் தொழிலாளர் வரலாற்றில் அப்போராட்டம் மறவாத ஓர் ஏடு.

ஏழையின் விரலை மையில் தோய்த்த அதே காலத்தில், பெரும்பணம் காப்பவர்களிடம் எத்தகைய பதிவு கேட்கப்பட்டது? அதை அறியக் கடன்பத்திரம் என்பதைச் சிறிது விளக்க வேண்டும். ஒரு கம்பெனி ஆயிரம் பேரிடம் சிறுசிறு தொகையாகக் கடன் வாங்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திரம் தருகிறது. கடன் கொடுத்தோர் பல ஊர்களில் சிதறிக் கிடப்பர். வட்டி தவறினால் ஒன்றுகூடி வழக்காட அவர்களால் இயலாது. ஆகவே அவர்கள் அனைவர் சார்பிலும் ஈட்டுச் சொத்தைத் தம் பெயரில் வைத்துக் காக்க ஓர் அறங்காவலர் நியமிக்கப்படுகிறார். பெரும்பாலும் ஒரு வங்கியோ, அதற்கென்றே அமைந்த கம்பெனியோ அப்பொறுப்பை ஏற்கும். கோயில் நிலத்தைக் காக்கும் தருமகர்த்தாவே அதன் குத்தகைதாரனுக்கும் பங்காளியாக இருந்தால் கோயில் கதி என்ன? இங்கும் கேள்வி அதுவே.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது இக்கேள்விக்கு விடை வெளிப்பட்டது. வில்லியம் டக்ளஸ் என்பவரின் தலைமையில் அரசுக் கமிஷன் ஒன்று ஆராய்ந்து, 1936-இல் அறிக்கை தந்தது. அறங்காவலர் பலர் கைகட்டி இருந்துவிட்டனர். தவறினாலும் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டனர். சிலர் அதே கம்பெனிக்குத் தாமும் கடன் கொடுத்துத் தம் பணத்தை முதலில் மீட்டனர். இதன் பயனாக 1939-இல் ஒரு சட்டம் பிறந்தது. அறங்காவலராக முன்வரும் நிறுவனம் டி-1 என்னும் படிவத்தில், தன்னைக் கண்காணிக்கும் அதிகாரி யார், கடன் வாங்கும் கம்பெனியோடு தனக்கு உறவு உண்டா என்பனவற்றை அரசுக்கு அறிவித்தாக வேண்டும். தன் அமைப்பு விதிகளையும் நிதிநிலை அறிக்கையையும் உடன் இணைக்க வேண்டும். கம்பெனி தவணை தவறிய பின் நலன்கள் மோதினால், 90 நாட்களுக்குள் அம்மோதலை நீக்க வேண்டும். இயலாதேல் பதவியைத் துறக்க வேண்டும்.

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், கவனக்குறைவுக்கு விலக்களித்து அறங்காவலர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று விதித்தது. 1993-இல் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய செபி தனி விதிமுறைகளை வகுத்து, பதிவுச் சான்றிதழ் பெறாதவர் இத்தொழிலில் இறங்கலாகாது என்றது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்களுக்கோ 500 பேருக்கு மேற்பட்டோருக்கோ கடன்பத்திரம் விற்க முற்படும் கம்பெனி முன்னதாகவே அறங்காவலரை நியமிக்க வேண்டும். அவருடைய எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். அக்கம்பெனியின் பங்குதாரரோ, கடனாளியோ அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர்.

பணம் கொடுத்தவனுக்கு இவ்வாறு ஒரு காவலர் வாய்த்தார். உழைப்பைக் கொடுத்தவனுக்கு யார்? 1985-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, கம்பெனி கலைக்கப்படும்போது தொழிலாளர் பாக்கியும் ஈட்டுக் கடனும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. கடன்காரர் ஈட்டுச் சொத்தைத் தாமே விற்க முனைந்தால், தொழிலாளர் சார்பில் கலைப்பு அதிகாரி நின்று அவர்கள் பங்கைக் கேட்கலாம் என்றும் அத்திருத்தம் கூறியது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டமும் 24 மாத காலத்துத் தொழிலாளர் பாக்கிக்கு அந்தச் சம இடத்தை அளிக்கிறது. எனினும் காவல் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் வேண்டும். 1972 முதல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனியின் பெயரில் இயங்கிய தங்கவயல் 2001-இல் மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் இதை நன்கு அறிவர்.

படிவம் என்றால் நமக்குச் சலிப்பு உண்டாவது இயல்பே. ஆனால் படிவங்களில் இரு வகை உண்டு. எளியவனைக் கட்டிவைக்க அவனிடம் வாங்கும் ரேகை ஒன்று. வலியவனைப் பதில் சொல்ல வைக்க அவனிடம் வாங்கும் கையொப்பம் மற்றொன்று. முன்னது முதலில் வந்தது. பின்னது வெகுநாள் கழித்தே வந்தது.

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் உழைத்துச் சேமிக்கும் அன்பர்கள், கடன்பத்திரம் வாங்குமுன் வட்டி விகிதத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அறங்காவலர் யார், அவர் பதிவு பெற்றவரா, அக்கம்பெனியோடு அவருக்கு என்ன உறவு என்பதையும் படித்தறிதல் வேண்டும். அந்த ஒரு பக்கத்தை எழுத வைப்பதற்கு உலகம் பெருவிலை கொடுத்திருக்கிறது. அதைப் படிக்காமல் விடுவது நம் உழைப்புக்கு நாமே செய்யும் துரோகமாகும்.