அத்தாப்புக் கொட்டகையிலிருந்து ராஜகோபுரம் வரை



போன ஞாயிறு, பிள்ளைகளை அழைச்சுக்கிட்டு சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு மரபுடைமை நடை போனோம். கோபுரத்தடியில் ஒரு சின்னப் பையன் கேட்டான்: "அங்கிள், இந்தக் கோயிலை முதல்ல யாரு கட்டினா?" வருஷக்கணக்கா பந்தியில் பரிமாறுகிறோம், தீமிதிக்கு வரிசை ஒழுங்கு பண்றோம். ஆனா எங்களில் பாதிப் பேருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வெட்கமாப் போச்சு. அதனால்தான் இந்தப் பதிவு.

1819 மே மாதம், ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. முதலில் அரசாங்கக் கருவூலத்தில் வேலை. பிறகு செங்கல் சூளை வைத்தார், துணிக்கடையும் நடத்தினார். 1822இல் கடை தீப்பிடித்துக் கடனாளியானார். அப்படியும் அம்மனுக்கு ஒரு கோயில் வேணும் என்ற எண்ணத்தை அவர் விடவில்லை.

இடம் கிடைப்பது லேசாக இருக்கவில்லை. முதலில் தெலுக் ஆயரில் நிலம் கொடுத்தார்கள். அங்கே நல்ல தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் அபிஷேகம் எப்படி? அடுத்து ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்ப் பக்கம். அது நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவதாக, 1823இல் கிடைத்ததுதான் இன்று நாம் கும்பிடும் இடம். 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் ஒரு சின்னக் கோயில் எழுந்தது. அவர் பிரதிஷ்டை செய்தது சின்ன அம்மன். செங்கல் கட்டடம் பிறகுதான் வந்தது.

கப்பலில் வந்து இறங்கி, வேலையும் தங்க இடமும் இல்லாமல் நின்றவர்களுக்கு இந்தக் கோயில்தான் நிழல் கொடுத்தது. இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் இருந்தது. கோபுரத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்திரீட் என்று பேர் வந்தது. அந்தப் பக்கம் மாஸ்க் ஸ்திரீட், இந்தப் பக்கம் டெம்பிள் ஸ்திரீட். அதே சாலையில், தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சீனர் கடைகளுக்கு நடுவே இரண்டும் இன்றும் அண்டை வீடுகளாக நிற்கின்றன. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பகுதிதான்.

1973இல் கோயில் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. அதனால் கட்டடத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனா உள்ளே நடந்த வாழ்க்கைக்கு?

நடை முடிந்து மோர் குடிக்கும்போது ஒரு பாட்டி சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் தீமிதிச்ச படம் ஒரு டப்பா நிறைய இருந்துச்சு. வீடு மாறும்போது பிள்ளைங்க குப்பைன்னு நினைச்சுப் போட்டுட்டாங்க." எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கல்லுக்குக் கும்பாபிஷேகம் செய்து புதுப்பிக்கலாம். ஒரு முறை குப்பைக்குப் போன படத்தை எந்த அர்ச்சனையும் திருப்பித் தராது.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டில் பழைய கோயில் படம், திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நன்கொடை ரசீது எது இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. பின்பக்கம் பென்சிலால் யார், எந்த வருஷம் என்று எழுதி வையுங்க. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்க. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தா, இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: "நீங்க முதல் முதல்ல இந்தக் கோயிலுக்கு எப்ப வந்தீங்க?" அவங்க குரலைப் பதிவு பண்ணி வையுங்க.

அடுத்த நடைக்கு வரும்போது அந்தக் கதையையும் கொண்டு வாங்க. அந்தப் பையனுக்கு இனி நம்ம எல்லாராலும் பதில் சொல்ல முடியணும்.

ஓம் சக்தி!