மாவுப்பூச்சியை அடக்கிய குட்டிக் குளவி

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்க்காதவங்க யாரு? அந்தப் பெட்டிகளுக்குள்ள சரக்கைத் தாங்குற மரப்பலகைகளைக் கவனிச்சா, கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். பக்கத்துல 'எச்.டி.'ன்னு இருந்தா, மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றாச்சுன்னு அர்த்தம்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? ஒரு பழைய கதை சொல்றேன்.

1860களின் கடைசியில் அமெரிக்காவின் மெட்ஃபோர்ட் ஊரில் எத்தியென் ட்ரூவெலோ என்ற பிரெஞ்சு ஓவியர், பட்டு எடுக்கும் ஆசையில் ஐரோப்பிய அந்துப்பூச்சி ஒன்றை வளர்த்தார். சில தப்பிச்சிடுச்சு. 1889ல் அதன் கம்பளிப்புழுக்கள் ஊர் மரங்களையே மொட்டையடித்தன. அதை ஒழிக்க 1906ல் ஐரோப்பாவிலிருந்து ஒரு ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்து விட்டாங்க. அது நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் புழுக்களைத் தின்னும் ரகம். அமெரிக்காவின் சொந்தப் பட்டு அந்துகள் குறைந்ததற்கு ஆய்வாளர்கள் இந்த ஈயைத்தான் கைகாட்டுறாங்க. ட்ரூவெலோவின் அந்து இன்னும் அங்கேயே இருக்கு!

நம்ம ஊருக்கு வருவோம். 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. இது அந்து இல்ல, சாறு உறிஞ்சும் பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எல்லாத்துலயும் வெள்ளைப் பஞ்சு அப்பின மாதிரி ஒட்டிக்கிட்டது. உடம்பை மெழுகு மாவு மூடியிருந்ததால அடிச்ச மருந்தும் சரியா இறங்கல.

2010ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தனியா அடைத்து வைத்து, மற்ற பூச்சிகளுக்கு ஆபத்தில்லை என்று சோதித்த பிறகே, அந்த அக்டோபரில் தோட்டங்களில் விட்டாங்க. அதில் ஒன்று, அசெரோஃபேகஸ் பப்பாயே, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வெளியே வரும். அடுத்த வருஷமே பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி அடங்கிடுச்சு.

இரண்டு ஊரும் எதிரியைத்தான் இறக்குமதி செய்தது. மெட்ஃபோர்டுக்கு வந்தது கண்டதையும் தின்கிற எதிரி. நமக்கு வந்தது குறிப்பிட்ட இரையை மட்டும் தேடிப்போற எதிரி.

உங்க வீட்டுப் பப்பாளியில வெள்ளையா தெரிஞ்சா, முதல்ல தண்ணியை வேகமா பீச்சி அடிங்க, மோசமான இலையை வெட்டி எடுங்க. காய்ந்துபோன மாவுப்பூச்சியில சின்ன ஓட்டை தெரிஞ்சா, குளவி வேலைக்கு வந்தாச்சு. மருந்து அடிச்சா அதுவும் சேர்ந்து சாகும். ஸ்பிரேயரைக் கீழே வெச்சிடுங்க.