விண்கலக் கடிகார நேரம்

விண்கலக் கடிகார நேரம் என்பது ஒரு விண்கலத்தின் கணினியில் உள்ள எண்ணி காட்டும் மதிப்பு ஆகும். இதில் நாள், மாதம், ஆண்டு என எதுவும் இராது. அலையியற்றியின் துடிப்புகளை எண்ணி வரும் முழு எண்கள் மட்டுமே இருக்கும். எடுத்த படமும் அளந்த அளவீடும் இந்த எண்ணுடனேயே புவிக்கு வருகின்றன. ஆகவே அதை நாட்காட்டி நேரமாக மாற்றித் தரும் மென்பொருள் தேவைப்படுகிறது.

வொயேஜர், கலிலியோ

1977இல் ஏவப்பட்ட வொயேஜர் கலங்களின் கடிகாரம் மூன்று புலங்களைக் கொண்டது. கடைசிப் புலம் 0.06 நொடிக்கு ஒருமுறை கூடி, 1 முதல் 800 வரை செல்லும். அது ஒரு சுற்று முடிக்க 48 நொடிகள் ஆகும். அத்தகைய 60 சுற்றுகள் சேர்ந்து 48 நிமிடங்கள். முதற்புலம் 48 நிமிடங்களுக்கு ஒருமுறை கூடும். 2:3:1 என்ற மதிப்பைத் துடிப்புகளாக்கினால் 2×48,000 + 3×800 = 98,400 கிடைக்கும். அதாவது 98 நிமிடம் 24 நொடி. முதற்புலம் 65,536 மதிப்புகளையே ஏற்பதால் ஏறத்தாழ 6 ஆண்டுகளில் நிரம்பி மீண்டும் சுழியத்தில் தொடங்கும்.

1989இல் ஏவப்பட்ட கலிலியோவின் கடிகாரத்தில் நான்கு புலங்கள் இருந்தன. அதன் முதற்புலம் 60 2/3 நொடிக்கு ஒருமுறை கூடியது. இவ்வாறு கலத்துக்குக் கலம் அலகு வேறுபட்டது.

ஸ்பைஸ் தொகுப்பு

இவ்வேறுபாடுகளைப் பொதுவான ஒரே முறையில் கையாள, நாசாவின் தாரை உந்துகை ஆய்வகத்தில் ஸ்பைஸ் என்னும் மென்பொருள் தொகுப்பு உருவாக்கப்பட்டது. முதலில் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட இது பின்னர் சி மொழியிலும் கிடைத்தது. கடிகாரம் நிரம்பும்போதோ மீளமைக்கப்படும்போதோ புதிய பிரிவு எண் தரப்படுகிறது. அதனால் ஒரே எண் இருமுறை வந்தாலும் குழப்பம் நேராது.

வெப்பநிலையாலும் முதுமையாலும் அலையியற்றியின் வேகம் சற்றே மாறும். எனவே செய்தி புவியை அடைந்த நேரத்திலிருந்து ஒளி பயணித்த நேரத்தையும் கருவிகளின் தாமதத்தையும் கழித்து, கடிகாரம் அந்த எண்ணைக் காட்டிய கணம் கணக்கிடப்படுகிறது. துடிப்பு எண்ணிக்கை, அதற்கு இணையான நேரம், ஓட்ட வீதம் ஆகிய மூன்றும் ஒரு கோப்பில் வரிசையாகப் பதியப்படும். இடைப்பட்ட நேரங்கள் நேரியல் முறையில் பெறப்படும். விடை 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து கணக்கிட்ட நொடிகளாக வரும். அதை ஒருங்கிணைந்த அனைத்துலக நேரமாக்க, 1972 முதல் சேர்க்கப்பட்டு வரும் லீப் நொடிகளின் பட்டியலும் வேண்டும்.

டீப் இம்பாக்ட் இழப்பு

எண்ணியின் அளவைத் தேர்வதில் உள்ள இடரை டீப் இம்பாக்ட் கலம் உணர்த்தியது. 2005 ஜூலை 4 அன்று டெம்பல் 1 வால்வெள்ளியில் மோதுகலத்தைச் செலுத்திய இக்கலம், 2010இல் ஹார்ட்லி 2 வால்வெள்ளியையும் ஆராய்ந்தது. 2013 ஆகஸ்டில் அதனுடனான தொடர்பு அற்றது. கணினியின் நேரக்குறியீட்டில் ஏற்பட்ட சிக்கலால் கலம் தன் திசையமைவுக் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என நாசா கருதியது. 2000 ஜனவரி 1 முதல் பத்தில் ஒரு நொடி அலகில் எண்ணினால், 32 பிட் எண்ணி 2013 ஆகஸ்ட் 11 அன்று நிரம்பும். மீட்பு முயற்சிகள் பலிக்காததால் செப்டம்பர் 20 அன்று திட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அதே 32 பிட்களில் முழு நொடிகளை எண்ணியிருந்தால் 136 ஆண்டுகள் வரை இடம் இருந்திருக்கும். நுண்மையை உயர்த்தும்போது எண்ணியின் ஆயுள் குறைகிறது. எனவே திட்டமிட்ட பணிக்காலத்தை மட்டுமன்றி, கலம் அதைக் கடந்தும் இயங்கக்கூடிய ஆண்டுகளையும் கணக்கில் கொண்டே எண்ணியின் அளவு வரையறுக்கப்பட வேண்டும்.