ஜவ்வாது மலையாளிகளின் பூர்வீகம்: ஐதிகமும் சான்றும்

திருவண்ணாமலைக்கு வடமேற்கே, செங்கம், போளூர்ப் பகுதிகளை ஒட்டி எழுந்து பாலாற்றுப் பள்ளத்தாக்கு வரை நீளும் ஜவ்வாது மலைத்தொடரில், ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் சாமையும் தினையும் விளைவித்து வாழ்பவர் மலையாளிகள். கேரள தேசத்தாரோடு சம்பந்தமற்றவர், தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரின் வழிவந்தோர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். இதனை அவ்வண்ணமே சரித்திரமாகக் கொண்டால், அம்மலையின் ஆதிக்குடிகள் என்ன ஆயினர் என்னும் வினா விடையின்றி நின்றுவிடும். வெறுங்கதையெனத் தள்ளினாலோ, கதைக்குள்ளேயே பொதிந்திருக்கும் விடையை நாம் இழந்துவிடுவோம்.

வட ஆற்காடு ஜில்லா மானுவலிலும், 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இவ்வைதிகம் பதிவாகியுள்ளது. சக ஆண்டு 1055இல், அஃதாவது கி.பி. 12ஆம் நூற்றாண்டில், கங்குந்தி வேடர்கள் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டு, மறுக்கப்பட்டு, சினங்கொண்டு ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கருதி ஈமக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். வெள்ளம் பெருகிய பாலாற்றின் நடுவிலிருந்து நாய்கள் திரும்பிவிட்டன. ஆடவரோ கரையேறிச் சென்று வேடரை வென்று மீண்டனர். ஆனால் அதற்குள் கருமாதி முடிந்து மனைவியர் கைம்மை பூண்டிருந்தமையால், குலத்திற்குப் புறம்பாகி, வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறினர்.

சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய இடங்களில் வாழும் மலையாளிகள் கூறும் கதையில் நாய்களும் இல்லை, வேடர் பகையும் இல்லை. காஞ்சியினின்று புறப்பட்ட மூன்று சகோதரர்களே மூலபுருஷர்கள். ஆயினும் அங்கும் அவர்கள் கைப்பிடித்த பெண்கள் பிற குலத்தவரே. விவரங்களில் இவ்வளவு வேறுபடும் இரு கதைகளும், தந்தைவழி சமவெளியது, தாய்வழி அன்னியமானது என்னும் ஒன்றில் மட்டும் இணங்குவதைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

காஞ்சியினின்று முன்னோர் வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் மலை மனித சஞ்சாரமற்ற வனமன்று. புதிய கற்கால மக்கள் தீட்டி மெருகேற்றிய கற்கோடரிகள் இன்றும் மலையூர்க் கோயில்களில் தெய்வமாக வழிபடப்படுகின்றன. பெருங்கற்காலக் கல்திட்டைகளும் ஆங்காங்கே நிற்கின்றன. செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில், இப்பிரதேசத்து மலைவழிகளையும், அங்கே தினைப்புனம் காத்து, வேட்டையாடி, விருந்தோம்பிய கானவர் குறவர் வாழ்க்கையையும் விரித்துரைக்கிறது. 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் நடப்பட்ட எடுத்தனூர் நடுகல்லில், வீரனோடு அவனுடைய நாய் கோவிவனும் இடம்பெற்றுள்ளது. வீரனும் நாயும் பிரியாது வாழ்ந்த நாட்டிலேதான் ஏழு நாய்களின் கதையும் வழங்கிற்று என்பது கருதத்தக்கது.

ஐதிகம் பாதியை நினைத்துப் பாதியை மறக்கும் நிலையைக் கரீபியன் தீவுகளின் டைனோ மக்களிடமும் காண்கிறோம். 1490களில் கொலம்பஸின் கட்டளையால் ரமோன் பானே என்னும் துறவி திரட்டிய கதைகளில், முன்னோர் ஹிஸ்பானியோலாத் தீவின் குகையொன்றினின்றே வெளிப்பட்டனர். மட்பாண்ட ஆராய்ச்சியோ, அராவாக் மொழியினரான அவர்தம் முன்னோர் ஏறத்தாழ கி.மு. 500 அளவில் தென்னமெரிக்காவின் ஓரினோக்கோ ஆற்றுப் பிரதேசத்தினின்று தீவுகளில் குடியேறத் தொடங்கியதையும், அங்கே முன்னரே வாழ்ந்த மக்களை எதிர்கொண்டதையும் காட்டுகிறது. டைனோக்கள் வந்த வழியை மறந்து மண்ணை நினைத்தனர்; மலையாளிகளோ மண்ணை மறந்து, வந்த வழியை நினைத்தனர்.

மலையாளிகளின் இம்மறதிக்குக் காரணம் தேடத் தொலைவு செல்லவேண்டியதில்லை. சமவெளிச் சமூகத்தில் வேளாளர் என்னும் பெயருக்கு இருந்த மதிப்பு வேடர் என்னும் பெயருக்கு இல்லாமையால், தந்தையர் வந்த ஊரும், கடந்த ஆறும், புறப்பட்ட ஆண்டும் குறிக்கப்பட்டிருக்க, தாயரைப் பற்றி ஐதிகம் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டது. அவ்வொரு வாக்கியமே ஆராய்ச்சியாளனுக்கு மூலதனம். காஞ்சியினின்று வந்தோர் என்பது மலையாளிகளின் வமிசாவளியில் ஒரு பாதி. மற்றப் பாதி எங்கிருந்தும் வந்ததன்று, கற்கோடரி தீட்டிய காலந்தொட்டே மலைகளில் இருந்தது என்பதே மேற்கண்ட சான்றுகள் தரும் அனுமானம்.